லைனுக்கு ஒன்றுமில்லை, அப்பா

அடுப்புச் சூட்டில் நின்றுகொண்டே எங்களைச் சிரிக்க வைத்த என் அப்பாவுக்கு,

உங்கள் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார் மாமா. “ஆறாத் துயர், கண்ணீர்க் கடல் எல்லாம் வரவேணும். பகிடி மட்டும் வரக்கூடாது” என்றார். “ஓம் மாமா” என்றேன். நான் ஓம் என்றால் பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே?

ஆனால் இன்று பகிடியே வரமாட்டேன் என்கிறது. அக்கா சீனாவில் ஓர் ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சை அறைக்குள் இருக்கிறாள். இங்கே இத்தாலியில் மாலை ஐந்து மணி. சீனித் தகரத்தில் ஃபோனைச் சாய்த்து வைத்துவிட்டு அம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். மத்தியானத்திலிருந்து அம்மா என்னோடு கதைக்கவில்லை. அதற்குக் காரணம் நீங்களும் நானும்தான் அப்பா. நம்முடைய வித்தை பிடிபட்டுவிட்டது.

மலரை வாசிப்பவர்களுக்குத் தெரியாது என்பதால், உங்களைப் பற்றி உங்களுக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதே பலெர்மோவில் பதினைந்து வருடம் பீட்சா சுட்டீர்கள். “இந்த வெயிலிலை பலெர்மோவா, பல் எரியுமோ?” என்று கேட்டுவிட்டு ஒருநாள் சீனாவுக்குப் போனீர்கள். ஷாங்காயிலிருந்து ரயிலில் அரைமணி நேரத் தூரத்தில் சுஜோ. “சும்மா ஜோர் எண்டதின்ரை சுருக்கம்” என்று அம்மாவுக்கு விளக்கம் வேறு. ‘இத்தாலியிலிருந்து வந்த சமையல்காரர்’ என்று அந்த உணவகத்தில் பலகை வைத்தார்கள். வந்தவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் மாவைச் சுழற்றும் உங்களைப் பார்த்தார்கள், பிறகு உங்களுக்குப் பின்னால் இத்தாலியனைத் தேடினார்கள். நீங்களும் அவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தீர்களாம்.

போன உடனேயே, ‘இந்த முகவரியில்தான் படுக்கிறேன்’ என்று அங்கே பொலிஸில் பதிய வேண்டும் என்றீர்கள். விசாவுக்காக குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வரிசையில் வளர்ந்த குடும்பத்துக்கு அது பெரிய விஷயமில்லை. “இஞ்சை எல்லாத்துக்கும் சுடுதண்ணிதான்டா மருந்து. தலையிடிக்கும் சுடுதண்ணி, தடிமனுக்கும் சுடுதண்ணி, காதலிலை தோத்தவனுக்கும் சுடுதண்ணி.” நீங்கள் இப்படிச் சொன்னதைக் கேட்டு எவ்வளவு சிரித்தோம்.

வித்தையைக் கண்டுபிடித்தது நான். அதை இந்த மலரில் அச்சிலேயே ஒப்புக்கொள்கிறேன். சீனாவிலிருந்து வீடியோவில் கதைத்தால் படம் அடிக்கடி உறைந்துபோகும். அம்மா “எப்ப வாறியள்?” என்று தொடங்கினால் வாயை அரைவாசி திறந்தபடி அசையாமல் நில்லுங்கள், லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வா என்று சொல்லித் தந்தேன். நீங்கள் என்னைவிடத் திறமாகச் செய்தீர்கள். ஒரு கண் பாதி மூடியிருக்கும், கை காற்றில் நிற்கும். “சீ, இந்தச் சீனா லைன்!” என்று அம்மா வைத்துவிடுவா. மறுநிமிடம் உங்களிடமிருந்து எனக்குச் சிரிப்புப் பொம்மை வரும். அக்காவுக்கும் இது தெரியும். மூன்று பேரின் கூட்டு.

அந்தக் கடைசி அழைப்பில் அக்கா வீட்டில் இல்லை.

“நெஞ்சுக்கை ஏதோ செய்யுது எண்டியளே, டொக்டரிட்டைப் போனியளோ?” என்று அம்மா கேட்டா. நீங்கள் உறைந்தீர்கள். உங்களுக்குப் பின்னால் பெரிய பானையில் தக்காளி கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி எழும்பிக்கொண்டே இருந்தது. நான் கண்டேன். சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினேன். அம்மா ஃபோனை வைத்தா. இரண்டு நாளில் உங்கள் முதலாளியம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது.

அந்த ஆவியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை அப்பா. சொல்லியிருந்தால் அம்மா விட்டிருப்பாவா?

இனி இன்றைய செய்தி. அக்கா சீன மொழி படித்தது உங்களுக்குத் தெரியும். சென்ற மாரியில் நீங்கள் இருந்த அதே ஊருக்கு, இத்தாலிய இயந்திரங்களை வாங்கி விற்கும் ஒரு கம்பனிக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனாள். இன்று ஞாயிற்றுக்கிழமை. வழமைபோல் காலை பதினொரு மணிக்கு வீடியோவில் எடுத்தாள். “ஏன் பிள்ளை, முகம் வெளிறிக் கிடக்கு? எழும்பி நில், பாப்பம்” என்றா அம்மா.

அக்கா உறைந்தாள். வாய் அரைவாசி திறந்தபடி, கை காற்றில். அப்படியே நீங்கள்தான்.

பின்னால் பால்கனியில் காயப்போட்டிருந்த உடுப்புகள் ஆடிக்கொண்டிருந்தன.

அம்மா லைனைத் திட்டிவிட்டு மீன் வெட்டப் போனா. நான் வெளியே போய் அக்காவைத் தனியாக எடுத்தேன்.

“அக்கா, உன்ரை உடுப்பு ஆடினது.”

“கண்டிட்டியா, குரங்கு? வயித்துக்கை நோகுதடா. வலப்பக்கம், கீழை. நாலு நாளாச்சு. நிமிர ஏலாமல் கிடக்கு.”

“ஆஸ்பத்திரிக்குப் போனியா?”

“நாளைக்கு இத்தாலிக்காரர் வருகினம். ஒரு கிழமை முழுக்க நான்தான் அவையளுக்கு வாய். என்னை நிரந்தரமாக்க இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. வேலை போனால் விசாவும் போயிடும். அம்மாட்டைச் சொல்லிப்போடாதை, என்ன? ஒண்டுமில்லை, சுடுதண்ணி குடிக்கிறன்.”

சுடுதண்ணி என்றதும் எனக்குக் கை குளிர்ந்தது. ஆனாலும் “சரி, சொல்லேல்லை” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. பழக்கதோஷமா?

ஒரு மணி நேரம் தாங்கினேன். பிறகு குசினிக்குள் போனேன்.

“அம்மா, அக்காவின்ரை லைன் நிக்கேல்லை. அவ நடிச்சவ. அவவுக்குச் சுகமில்லை.”

“பகிடி விடாமல் வெங்காயத்தை உரி.”

“பகிடி இல்லை அம்மா.”

“போன மாசம் லிஃப்டுக்கை ஆடு நிக்குது எண்டு என்னை ஏழு மாடி நடத்தினவன் நீ. போடா.”

அப்பா, பகிடிக்காரனுக்கு வரக்கூடாத நேரம் எது தெரியுமா? உண்மையைச் சொல்லும் நேரம்தான். என்னை நம்ப வைக்க என்னிடம் ஒரேயொரு சாட்சி இருந்தது. அது நீங்கள்.

“அப்பாவும் இப்பிடித்தான் நடிக்கிறவர்.”

கத்தி நின்றது. “எப்ப?”

“கனதரம், எத்தினையோ முறை. நெஞ்சு நோவைப் பற்றி நீங்கள் கேட்ட அண்டைக்கும்.”

அம்மா திரும்பவில்லை. “உனக்கு எப்பிடித் தெரியும்?”

“பின்னாலை பானையிலை ஆவி பறந்தது.”

“நீ கண்டனி.”

“ஓம்.”

“சிரிச்சனியோ?”

“ஓம் அம்மா.”

அம்மா குழாயைத் திறந்து கையைக் கழுவினா. செதில் எல்லாம் போன பிறகும் கழுவினா. எனக்கு ஓர் அறை விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, “ஃபோனைத் தா” என்றா.

அக்கா சிரித்தபடி எடுத்தாள். “எங்கை நோகுது, சொல்லு” என்றா அம்மா. அக்கா மறுபடியும் உறைந்தாள்.

“லைனுக்கு ஒண்டுமில்லை மகள். பின்னாலை உன்ரை உடுப்பு ஆடுது.”

அக்கா அசையவில்லை. அம்மாவும் அசையவில்லை. இரண்டு படங்களுக்கும் நடுவில் நான் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அக்காவின் வாய் கோணியது. உறைந்த படம் அழாது. அக்கா அழுதாள்.

“வேலை போயிடும் அம்மா.”

“போகட்டும். கொப்பரும் வேலை போயிடும் எண்டுதான் அடுப்படியை விட்டு அசையேல்லை. வேலை அங்கையே கிடக்கு. அவர் எங்கை? இப்ப எழும்பு. பக்கத்திலை ஆர் இருக்கினம்?”

கூட வேலை செய்யும் சியாவ் மெய் என்ற பெண் ஸ்கூட்டரில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனாள். அவள் சீனத்தில் எழுதுவதை ஃபோன் இத்தாலிய மொழியில் மாற்றித் தருகிறது. ‘சகோதரியின் சிறிய வாலை இப்போது வெட்டுவார்கள், இன்னும் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும்’ என்று வந்தது. குடல்வால். வால் என்று ஊரே சொல்வது என்னைத்தானே, வெட்டுவது அக்காவுக்கா? இதை உரக்கச் சொல்ல வாய் உன்னியது. அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் இல்லை. அக்கா உள்ளே போய் ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. மீன் அப்படியே குளிர்பெட்டிக்குள் கிடக்கிறது. அம்மா உங்கள் படத்தைப் பார்ப்பதும் ஃபோனைப் பார்ப்பதுமாக இருக்கிறா. உங்கள் படத்தை ஏனோ கொஞ்சம் கோபமாகவே பார்க்கிறா. படத்திலும் அசையாமல்தானே நிற்கிறீர்கள்.

ஃபோன் அடிக்கிறது. பொறுங்கள் அப்பா.

வந்துவிட்டேன். எழுத்துக் கோணலாக வருகிறது, மாமா திருத்தி அச்சடிப்பார்.

சியாவ் மெய் வீடியோவில் எடுத்தாள். கட்டிலில் அக்கா. கண் பாதி திறந்திருந்தது. “அம்மா” என்று வாயைத் திறந்தாள். அப்படியே நின்றது.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தா. நகம் பதிந்தது. “பின்னாலை பார்! டேய், பின்னாலை பார்!”

பார்த்தேன். சேலைன் போத்தலுக்குக் கீழே ஒரு துளி பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. விழவில்லை. கதவருகே ஒரு தாதி ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். அந்தக் காலும் இறங்கவில்லை.

“அம்மா, ஒண்டுமே அசையேல்லை. இது உண்மையாவே லைன்தான்.”

“சத்தியமா?”

“சத்தியமா அம்மா.”

அம்மா என்னை நம்பினா. அப்போது துளி விழுந்தது, தாதி நடந்தாள், அக்கா, “பசிக்குது” என்றாள். “சீ, இந்தச் சீனா லைன்!” என்று சொல்லிவிட்டு அம்மா மேசையில் தலையை வைத்து அழுதா. என் மணிக்கட்டை மட்டும் இன்னும் விடவில்லை. இடக்கையால் பேப்பரைப் பிடிக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா, பகிடி விடுவதை நிறுத்துகிறேன் என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். அதனால் இதை மட்டும் சொல்கிறேன். எங்களில் யாருடைய முகம் அசையாமல் நின்றாலும் இனி அவர்களுக்குப் பின்னால் பார்ப்பேன். கண்டதை அந்த நிமிடமே சொல்வேன். கூட்டைக் காட்டிக்கொடுத்ததற்கு என்னை மன்னியுங்கள். ஆவியைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததற்கும்.

உங்கள் கூட்டுக் கள்ளனும் கடைக்குட்டி மகனுமான
கவின்