மூன்றாவது பம்ப்

அன்புள்ள லோயிஸ்,

நேற்று மத்தியானம் மல்லாபூரில் இரண்டு மணி நேரம் மழை கொட்டியது. போவன்பள்ளியில் நீ இருக்கும் உன் அம்மா வீட்டுப் பக்கமும் பெய்திருக்கும்.

நான் வடிவமைத்த அந்தப் பம்ப் ஹவுசில்தான் இருந்தேன். தெருத் தண்ணீர் வந்து விழும் தொட்டி சீக்கிரமே நிரம்பிவிட்டது. ஓடிக்கொண்டிருந்த இரண்டு பம்புகளில் ஒன்று, சாக்குப்பை சிக்கி நின்றது. எதிர்வீட்டுத் தாயம்மாள் அக்கா மாடியிலிருந்து, "தம்பி, போன வருஷம் மாதிரியே ஏறுதே! என்னதான் பண்றீங்க?" என்று கத்தினார்.

"ஆகண்டி சார், கொஞ்சம் இருங்க, நான் போடறேன்" என்று ஆபரேட்டர் சுனில், இந்த வருஷம் புதிதாகச் சேர்த்த மூன்றாவது பம்பை ஓட்டினார். தண்ணீர் மெல்ல வடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான், போன வருஷ வெள்ளத்தில் உன் தம்பி ஏனோக் மூழ்கிப்போன அந்தக் கீழ் அறைக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வாசற்படியைத் தாண்டவே இல்லை.

இவ்வளவு மழையை யாருமே எதிர்பார்க்கவில்லை என்று உன் தம்பியின் அடக்கத்தன்று சொன்னேன். அது பொய். என் முதல் வரைபடத்திலேயே மூன்று பம்புகள் இருந்தன. அதற்குப் பெரிய தொட்டி வேண்டும், மறுபடியும் அனுமதிக்கு அலைய வேண்டுமே என்று நான்தான் ஒன்றை நீக்கினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

இன்று காலை ஆபீசிலும் இதை எழுதிக் கொடுத்துவிட்டேன். திரும்பி வா என்று கேட்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் இதைப் படித்துக் காட்டு.

உன் கணவன்