நிறம் பார்த்துப் பிரித்த எழுத்துகள்

என்றும் என்னைவிடத் துணிச்சல்காரியான அக்காவுக்கு,

நீ போன பிறகு உன் பாலர் வகுப்பை நான்தான் நடத்துகிறேன். கேட்டால் சிரிப்பாய். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு, தண்ணீர்மலை வீட்டு முன்கூடத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் உள்ளங்கை வியர்க்கிறது. சமையலுக்கு வரும் சரோஜா, "சார், நீங்க பயந்தா பிள்ளைங்க கண்டுபிடிச்சிடும்லா" என்கிறாள். ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

நீ பாடிக்கொண்டே அவர்கள் விரலைப் பிடித்து மணலில் எழுதவைப்பாய். எனக்கு அது வரவில்லை. அட்டையில் எழுத்துகளை வெட்டி, 'அ'வுக்குச் சிவப்பு, 'ஆ'வுக்கு நீலம், 'இ'க்குப் பச்சை எனப் பூசினேன். காலிப் பால்மாவு டின்களிலும் அதே எழுத்தை அதே நிறத்தில் எழுதினேன். குவியலைக் கொட்டிப் பிரிக்கச் சொன்னால் ஒரு பிழை வராது. பெற்றோரைச் சனிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிவிட்டேன். அவ்வளவு பெருமை எனக்கு.

நேற்றுச் சிவப்புச் சாயம் தீர்ந்துபோனது. புதிதாக வெட்டிய 'அ'வைப் பூசாமலே யாழினியிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டின்களையும் பார்த்தாள்.

"தாத்தா, இதுக்குக் கலரே இல்லையே. எங்க போடுறது?"

மற்றப் பிள்ளைகளிடமும் கொடுத்துப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கா, இத்தனை வாரமும் அவர்கள் நிறத்தைத்தான் பிரித்திருக்கிறார்கள். எழுத்தை யாரும் பார்க்கவே இல்லை. இவ்வளவு படித்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை? உனக்கு முதல் நாளே தெரிந்திருக்கும், இல்லையா?

யாழினிக்குத் தமிழ் ஏறாவிட்டால் ஒன்றாம் ஆண்டுக்குத் தமிழ்ப் பள்ளியை விட்டுச் சீன மொழிப் பள்ளியில் சேர்த்துவிடப் போவதாக அவள் அப்பா முன்பே சொல்லியிருந்தார். வண்ண எழுத்துகளையே கொட்டிக் காட்டினால் அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் எனக்கு வந்தது. வந்ததே பயமாக இருந்தது. பிறகு தமிழ்ப் பள்ளி வகுப்பில் கரும்பலகையின் முன்னால் அவள் என்ன செய்வாள்?

இன்று காலை அவரைப் போனில் அழைத்தேன். பிள்ளைக்கு எழுத்து இன்னும் தெரியாது, தவறு என் முறையில்தான், அவளிடம் இல்லை என்றேன். தொழிற்சாலை இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டார்.

"அப்ப நாளைக்கு நான் என்னத்தப் பார்க்க வரணும் சார்?"

"அவ கத்துக்கிறத" என்றேன். வருகிறேன் என்றும் அவர் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நாளை எழுத்துகள் எல்லாம் கறுப்புதான், டின்னிலும் அட்டையிலும். உருவத்தில் ஒன்றுபோல் ஒன்று இல்லாத 'அ', 'உ' இரண்டு மட்டும். யாழினி விரலால் ஓரத்தைத் தடவிப் பார்க்கட்டும். தப்பான டின்னில் போட்டாலும் போடட்டும். அவள் அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும், அவள் கையைப் பிடித்துச் சரியான டின்னுக்குக் கொண்டுபோக மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இன்னும் பயந்துகொண்டிருக்கும்,
உன் தம்பி