உன் அம்மா என் பெயரில் நடந்த ஏழு நாட்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். பேத்திக்கு முன்பல் விழுந்த படத்தை உன் அம்மா இந்தக் கட்டடத்தில் ஒருவர் விடாமல் காட்டி முடித்துவிட்டாள்.

கைக்குள் போன் இருக்க, அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது. பேனாவைப் பிடித்தால் வருவதில்லை. முப்பத்து நான்கு வருடம் எடையும் அளவும் சோதித்து அறிக்கை எழுதிய கை அல்லவா, உள்ளதைத்தான் எழுதும். அதனால் பொறுமையாகப் படி. நடுவில் கோபம் வந்தாலும் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

போன தடவை நீ வந்திருந்தபோது சொன்னது நினைவிருக்கும். பெரிய மருத்துவமனையில் முதுமைத் தளர்ச்சி பற்றி ஆராய்ச்சி நடக்கிறது, அதில் சேருங்கள், அவர்கள் பலமாக இருக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுத்தால் இங்கேயே இருங்கள், இல்லையென்றால் வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்றாய். நானும் வீராப்பாகச் சரி என்றேன். உனக்குத் தெரியாத விஷயம், நீ வருவதற்குப் பத்து நாள் முன்புதான் நான் குளியலறையில் விழுந்திருந்தேன். அதற்கு முன்பும் ஒருமுறை விழுந்தேன். நெற்றிக் காயம் அலமாரிக் கதவு இடித்ததால் வந்தது என்று உன்னிடம் சொன்னேன். உன் அம்மாவையும் அப்படியே சொல்ல வைத்தேன். மன்னித்துக்கொள்.

மருத்துவமனையில் முதல் நாளே என் சாயம் வெளுத்துவிட்டது. ஆராய்ச்சி டாக்டர் சின்னப் பெண், உன்னைவிட நான்கைந்து வயது குறைவாக இருக்கும். பிடியின் பலத்தை அளக்கிற ஒரு கைப்பிடியைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். பத்தொன்பது கிலோ. நான்கு மீட்டர் கோடு போட்டு நடக்க வைத்தாள். ஏழு வினாடி. கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழச் சொன்னாள். இரண்டாவது முறையிலேயே கை தானாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. கடைசியில், எத்தனை அடி நடக்கிறேன் என்று எண்ணுகிற ஒரு பட்டையைக் கையில் கட்டி, ஏழு நாள் கழற்றாமல் இருங்கள் என்று அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் என் புத்தி வேலை செய்தது. கை அரிக்கிறது, நீ போட்டுக்கொள் என்று பட்டையை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவளும் பாவம், வெள்ளந்தியாகக் கட்டிக்கொண்டாள். ஏழு நாளும் நான் சோபாவில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டிய கடைக்காரர்களை எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்! அவர்களில் ஒருவர்கூட என் அளவுக்குத் துணியவில்லை.

எட்டாம் நாள் டாக்டர் பெண் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு ஒன்பதாயிரத்து இருநூறு அடி. “சார், உங்க கை ஒண்ணு சொல்லுது, கால் ஒண்ணு சொல்லுது. பட்டையிலதான் கோளாறு” என்றாள். பக்கத்தில் இருந்தவரிடம், இந்தப் பெட்டியில் வந்த பட்டை எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடலாம், அவற்றைக் கட்டிய நாற்பது பேரின் கணக்கையும் ஒதுக்கிவிடலாம் என்று சொன்னாள்.

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. உன்னிடம் பொய் சொன்னபோது கூசவில்லை என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சரியாக அளந்த ஒரு கருவியின் மேல் என் கண்ணெதிரே பழி விழுந்ததைத் தாங்க முடியவில்லை. அந்த நாற்பது பேர், என் வயதுக்காரர்கள், ஒரு வாரம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். எழுந்து நின்று, நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான், பட்டை என் மனைவியின் கையில் இருந்தது டாக்டரம்மா என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் திட்டவில்லை. பட்டைகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். பிறகு, “அந்த அடிக் கணக்கை நாங்க நம்பியிருந்தா இந்த ஆராய்ச்சியில நீங்க பலசாலி, சார். பயிற்சி உங்களுக்குக் கிடைச்சிருக்காது. தளர்ச்சின்னா திரும்பி வர முடியாத வழின்னு எல்லாரும் நினைக்கிறாங்க. எத்தனை பேர் திரும்பி வர முடியும்னு பார்க்கத்தானே நாங்க உட்கார்ந்திருக்கோம்” என்றாள். மறுபடி ஏழு நாள் கட்டிக்கொள்ளச் சொன்னாள். இந்த முறை என் கையில்தான் இருந்தது. ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு அடி.

உன் அம்மாவிடம் சொன்னபோது, “நான் நடந்ததுக்கு நீங்க பாஸாகப் பாத்தீங்களா?” என்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இரண்டு அறை வீட்டுக்குள்ளேயே அவள் ஒன்பதாயிரம் அடி நடக்கிறாள். அதில் எனக்காக எழுந்து நடந்தது எவ்வளவு இருக்கும்? தண்ணீர், கண்ணாடி, மாத்திரை, துண்டு. ஐம்பது வருடமாகப் பக்கத்தில் இருந்தும் நான் அதை அளந்து பார்க்கவில்லை.

பன்னிரண்டு வாரம் பயிற்சி. கணுக்காலில் மணல் பை கட்டித் தூக்குவது, சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது, நாற்காலியில் எழுந்து எழுந்து உட்காருவது. முதல் வாரம் உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலித்தது. உன் அம்மா பக்கத்தில் நின்று எண்ணுவாள். நான் ஒன்றை விட்டுவிட்டால் விடமாட்டாள், என்னைவிடக் கறாரான ஆய்வாளர். துணி காயப்போட மொட்டை மாடிக்கு இப்போது நான்தான் போகிறேன். என் தண்ணீரை நானே எடுத்துக் குடிக்கிறேன்.

உறைக்குள் இரண்டு தாள்கள் இருக்கின்றன. முதலாவது பழைய உண்மை. இரண்டாவது போன வாரத்து உண்மை. நான்கு மீட்டர் ஐந்து வினாடி. கைப்பிடி இருபத்து மூன்று கிலோ. நாற்காலியிலிருந்து ஐந்து முறை, கை ஊன்றாமல். தளர்ந்தவர் என்ற இடத்தில் இப்போது தளர்ச்சிக்கு முந்தைய நிலை என்று எழுதியிருக்கிறார்கள். பலசாலி என்று எழுதவில்லை. நீ போட்ட நிபந்தனைப்படி நான் தேறவில்லை. இரண்டையும் பார்த்து நீயே முடிவு சொல். வா என்றால் மனதில் வருத்தம் வைக்காமல் வருவோம். இன்னும் ஒரு வருடம் அவகாசம் கொடுத்தால், மாதா மாதம் அளவு எழுதி அனுப்புவேன். விழுந்தால் அன்றைக்கே உனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இரண்டு மாதமாக உன் குரல் சரியில்லை. கேட்டால் சளி என்கிறாய். சளி இல்லை என்று எனக்குத் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, தாங்கமாட்டார் என்று நினைத்து மறைக்காதே. என்ன இருந்தாலும் உள்ளபடி எழுது, கண்ணு. தாங்குகிற பலம் இப்போது வந்திருக்கிறது. நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா