இளைப்பாற்றிப் பட்டியலில் ஒரு பெயர்

பள்ளிமுனை,
கார்த்திகை மாதம்.

லண்டன் மாநகரில் குளிரோடு மல்லுக்கட்டும் என் பெறாமகள் நிறஞ்சலாவுக்கு, பள்ளிமுனைக் கடலுக்கும் அதிலுள்ள சகல மீன்களுக்கும் ஏகச் சக்கரவர்த்தியாகிய உன் சித்தப்பா வின்சன்ட் எழுதுவது. என் வலது முழங்கால் நீங்கலாக நானும் உன் அம்மாவும் சுகம், உன் சுகத்துக்கு மாதா பொறுப்பு. பிள்ளை, இனி நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

போன கடிதத்தில் உங்கள் தெருவிலிருக்கும் கறுப்பினத்தவரின் கோயிலைப் பற்றி எழுதியிருந்தாய். நீ காய்ச்சலில் கிடந்தபோது முன்பின் தெரியாத மனிசிகள் சூப்போடு வந்து கதவைத் தட்டியதையும், உன் விசா அலுவலுக்கு அவர்களே ஆள் பிடித்துத் தந்ததையும் நான் வாசிக்க உன் அம்மா அழுதுவிட்டா. பறிகொடுத்த பிள்ளைகளின் பெயரை அங்கே ஒருவர் சொன்னால், பெயர் தனியே விழக்கூடாதென்று கோயில் முழுக்க மறுமொழி சொல்லுமாமே, அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னா. கடைசிப் பக்கத்தை மட்டும் நான் மடித்துச் சேர்ட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன். கொலின்ஸ் அண்ணா சைக்கிளில் போய்த் திரும்பி வராமல் பதினேழு வருசமாச்சு, இந்த ஆத்துமாக்கள் திருநாளிலாவது அவருக்கு இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுங்கோ சித்தப்பா, எனக்கு அழுது முடிக்கவேணும் என்று நீ எழுதியிருந்த பக்கம் அது.

கோயிலில் இளைப்பாற்றிப் பூசைக்கு இறந்தவர்களின் பட்டியலை எழுதுகிறவனும் நான்தானே. உன் அம்மாவிடம் சொல்லப் பயந்து, கொலின்ஸின் பெயரை இரண்டு கிழவர்களுக்கு நடுவில் ஒளித்து எழுதிவிட்டேன். திருநாளன்று பின்னேரம் சேமக்காலையில் ஊரே கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்றது, நான் மதிலோரம் பதுங்கி நின்றேன். கொலின்ஸ் என்று பாதர் வாசித்தாரோ இல்லையோ, கடல் இராமேஸ்வரம் வரை பின்வாங்கியது, கோயில் மணி கயிறில்லாமலே முந்நூறு தரம் அடித்தது, மாதாவின் சுரூபம் திரும்பி என்னை மட்டும் முறைத்தது. உன் அம்மா முன்னுக்குப் போய், செத்தவையின்ரை பேரோடை என்ரை பிள்ளையை ஆர் சேர்த்தது பாதர், இஞ்சை அவன்ரை குழி எங்கை, காட்டுங்கோ பாப்பம் என்று கேட்டா. அப்போது மதில் பக்கமிருந்து இருக்கிறன் என்று ஒரு குரல் கேட்டது. நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்து, வின்சன்ட், சேமக்காலையிலையும் உன்ரை சேட்டையோ என்று ஏசினார்கள். பாதர் பேனையை எடுத்து அந்தப் பெயரை வெட்டினார்.

அடுத்த ஞாயிறு, பிள்ளைகள் திரும்பிவராத தாய்மார் பதினொரு பேர் உன் அம்மாவோடு சேர்ந்து பாதரிடம் போனார்கள். இப்போது கோயிலில் இறந்தவர்களின் பட்டியலோடு இன்னொரு தாளும் இருக்கிறது, தலைப்பு வரவேண்டியவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் உங்கள் கோயிலில் போலவே ஊர் முழுக்க மறுமொழி சொல்கிறது, வருவார் என்று. பூசை முடிய அந்த வீடுகளுக்கு, பிடிபாட்டில் கோயிலுக்கென்று ஒதுக்கும் பங்கு மீன் போகிறது, கூடவே இருந்து சாப்பிட ஆட்களும் போகிறார்கள். உன் அம்மா கன காலத்துக்குப் பிறகு இரண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிட்டா. நீ கேட்டது நடக்கவில்லை, மன்னித்துக்கொள். அழவேண்டுமென்றால் அந்தச் சூப் கொண்டுவந்த மனிசிகளின் தோளில் அழு, முடியாத அழுகையென்றாலும் பரவாயில்லை, அவர்கள் அறியாததல்ல.

மாதாவின் நிழல் உன்மேல் கிடக்கட்டும். காதை மூடித் தொப்பி போடு, ஞாயிறு தவறாமல் அம்மாவுக்குப் போன் எடு. பெயரைச் சேர்த்தது என் புத்தி என்றே அவ நினைத்திருக்கிறா, அப்படியே இருக்கட்டும், கடைசிப் பக்கத்தைப் பற்றி வாய் திறக்காதே. கடல் பின்வாங்கியது பொய், மணி பொய், மாதா முறைத்ததும் பொய், மாதாவுக்கு என்னில் நல்ல விருப்பம். இருக்கிறன் என்ற அந்த ஒற்றைச் சொல்லை நான்தான் சொன்னேன் என்று ஊர் நம்புகிறது, நானும் ஓம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் பிள்ளை, நான் அன்று வாயே திறக்கவில்லை. இந்தச் சின்னத் துண்டு மட்டும் உண்மை.

என்றும் உன்
சித்தப்பா வின்சன்ட்