ஆறாவது ரிக்கற்

நெடுந்தீவு மேற்கு,
09.08.2025.

அன்பு மகன் சசிகரன் அறிவது,

நீயும் கிருசாந்தியும் பிள்ளைகள் இருவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நயினை அம்மனை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சாப்பிட்டு, நடந்து திரிகிறோம், அதையே சுகம் என்று வைத்துக்கொள். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனை அம்மா சத்தமாகப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கிறா, அவவுக்குத் தெரியாமல் ஒரு சொல் சொல்ல வழியில்லை. லீவில் வந்த சுதன் வியாழக்கிழமை பாரிசுக்குத் திரும்புகிறான், உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். வாசித்துவிட்டுக் கிழித்துப்போடு.

இந்த முறை சோழகக் காற்று பொல்லாதது. குறிகட்டுவானுக்குப் படகு இரண்டு நாள் ஓடவில்லை, ஓடின நாளிலும் பாதிப் பேர் சத்தி எடுத்தார்கள். ஆட்டுகிற இராட்டினத்தில் எங்களைக் காசு கொடுத்து ஏற்றப் போகிறேன் என்று நீ முதலில் சொன்னபோது, நெடுந்தீவாருக்கு அந்த ஆட்டம் பிறந்த நாள் தொடக்கம் கிடைக்கிறதே என்று நான் பகிடி விட்டது நினைவிருக்கும். ஆனால் உன் திட்டத்தில் ஒரு பிழையும் பிடிக்க முடியவில்லை. உன்னிடம் இருக்கிற அகதிப் பத்திரத்தோடு எங்கெங்கோ போகலாம், இலங்கைக்கு மட்டும் வர ஏலாது, குடியுரிமைக்குப் போட்டதும் இரண்டு தரம் திரும்பி வந்துவிட்டது. ஆகவே நீங்களும் மலேசியாவுக்கு வருவது, நாங்களும் வருவது, பிள்ளைகளுக்குத் தீம் பார்க், எங்களுக்குப் பிள்ளைகள். ஐப்பசியில் கிழமை நாட்களில் போனால் சனமும் குறைவு விலையும் குறைவு, ஹோட்டல் வேண்டாம் குசினியோடு ஒரு வீடு போதும், காலையில் புட்டைச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனால் மத்தியானம் வரைக்கும் ஒருவருக்கும் பசிக்காது, ஐந்து பேருக்கு எடுப்பதைவிட ஆறு பேர் குடும்ப ரிக்கற் மலிவு. இதெல்லாம் நீ சொன்னவைதான். இருபத்தைந்து வருடம் காணாத குடும்பம் சந்திப்பதற்கு இதைவிடச் சிக்கனமான வழியை ஒருவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அம்மா ஆடி பிறக்க முதலே அரிசி மா வறுத்து, தூள் இடித்துக் கட்டி வைத்துவிட்டா. பாட்டாச் செருப்பை விட்டுச் சப்பாத்து வாங்கி, வளவுக்குள் போட்டு நடந்து பழகுகிறா. வினோஜா பெரிய இராட்டினத்துக்கு இன்னும் எட்டுச் சென்ரிமீற்றர் உயரம் காணாது என்று அழுதாளாம், நல்லெண்ணெய் குடித்தால் வளரும் என்று அம்மா சொல்லிவிட்டா, அதை நம்பிப் பிள்ளை குடித்துவைக்கப் போகிறது, பார்த்துக்கொள். நிலக்ஷன் இருக்கைகளை இரண்டிரண்டாகப் படம் கீறி, யார் பக்கத்தில் யார் என்று பெயரும் எழுதி அனுப்பியிருந்தான். அப்பப்பா தன்ரை பக்கத்திலையாம், பயந்தால் கையைப் பிடிக்கலாமாம்.

மகன், நீ என் பாஸ்போட் நம்பரைக் கேட்டு மூன்று தரம் போன் எடுத்துவிட்டாய். மூன்று தரமும் வரும் வரும் என்றேன். அது வராது. ஆனி மாதம் அம்மாவும் நானும் பாஸ்போட் கந்தோருக்குப் போனோம். அம்மாவின் அலுவல் அரை மணித்தியாலத்தில் முடிந்து அவ வெளியே போட்டிருந்த வாங்கில் போய் இருந்துவிட்டா. என் படிவத்தில், முன்பு பாஸ்போட் எடுத்ததுண்டா என்று ஒரு கேள்வி. சங்கக்கடையில் முப்பத்தொரு வருடம் மனேச்சராக இருந்தவன் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட்டுப் பழகவில்லை. உண்டு என்று எழுதி, வீட்டுக் கொப்பியில் பார்த்து வைத்திருந்த நம்பரையும் வடிவான எழுத்தில் போட்டேன். சவூதிக்குப் போகலாம் என்று எடுத்து, போகாமல் அலுமாரிக்குள் கிடந்த பாஸ்போட். இரண்டாயிரமாம் ஆண்டு உன்னைப் படையின் சுற்றிவளைப்பில் பிடித்து மூன்று நாள் வைத்திருந்துவிட்டு விட்ட பிறகு, ஏஜென்சிக்காரன் அதில் என் படத்தை எடுத்து உன் படத்தை ஒட்டி, நான் பிறந்த ஐம்பத்தாறை எழுபத்தாறாக்கி, உன்னைப் பரமலிங்கமாகப் பிளேனில் ஏற்றினான். பாரிசில் இறங்க முதல் அதைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன் என்று நீ எழுதியிருந்தாய். அதோடு முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன்.

கந்தோரில் இருந்த பிள்ளை மரியாதையானவள். கொம்பியூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் அதைப் பார்த்தாள். ஐயா நீங்கள் ரெண்டாயிரமாம் ஆண்டு கட்டுநாயக்கா எயார்போட்டாலை வெளிக்கிட்டிருக்கிறியள், திரும்பி வந்த பதிவு இல்லை, எப்பிடி வந்தனீங்கள் என்று கேட்டாள். நான் எங்கையும் போகேல்லைப் பிள்ளை என்றேன். அப்ப ஆர் போனது என்றாள். உன் பெயர் தொண்டை வரை வந்துவிட்டது. இன்னும் கடதாசி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி எழும்பிவிட்டேன். அம்மாவிடம், வயது போனவர்களுக்குப் பாஸ்போட் வரச் சுணங்குமாம் என்று சொன்னேன். இன்றைக்கும் தபால்காரனின் மணி கேட்டால் அவதான் முதலில் வாசல் படலைக்கு ஓடுகிறா.

சமாதான நீதவான் அம்பலவாணரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த நம்பரை உம்மை ஆர் எழுதச் சொன்னது என்று முதலில் ஏசினார். எழுதாவிட்டாலும் அடையாள அட்டை காட்டிக்கொடுத்திருக்கும் என்று பிறகு அவரே சொன்னார். நீ அங்கே அகதி விசாரணையில் பிளேனை மறைத்துக் கப்பலில் வந்தேன் என்று சொல்லியிருக்கிறாய். உள்ளதைச் சொன்னால் அங்கை பொடியன்ரை பைல் ஆடும், பாஸ்போட் துலைஞ்சுபோச்செண்டு பொய் சொன்னால் இஞ்சை நீர் பொலிசிலை போய் ஆடவேணும், எது வேணுமெண்டு நீரே சொல்லும் என்றார். படிவத்தை வாங்கி மடித்துக்கொண்டு வந்தேன். நாட்டின் பதிவில் நான் ஊரிலேயே இல்லை, இல்லாதவன் எப்படி வெளியே போவது.

செய்தது பிழை என்று எழுதுகிறேன் என எண்ணாதே. அன்றைக்கு அதைத் தந்திராவிட்டால் உன்னை எந்த முகாமில் தேடியிருப்பேனோ. இன்றைக்கு வந்து கேட்டாலும் எடுத்துத் தருவேன். ஆனால் உன்னை நேரில் காண்பேன் என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன், மகன். போன மாதம் அறுபத்தொன்பது முடிந்தது. நான் ஏற்றிவிட்டவனுக்குக் கட்டை மயிர், நிறைந்த தலை. போனில் வருகிறவனுக்கு முன்பக்கம் ஒன்றுமில்லை. இரண்டு பேரும் ஒருவன்தான் என்று தொட்டுப் பார்க்க ஒருக்கால் கிடைக்கும் என்று இந்த ஒரு வருடமாக ஆசைப்பட்டுவிட்டேன். ஆசைப்படாமல் இருந்தபோது இவ்வளவு வலிக்கவில்லை.

அதற்காக நீ எதையும் நிற்பாட்டக் கூடாது. அம்மாவாவது வரட்டும். விசயம் தெரிந்தால் வரமாட்டா, செத்த வீட்டுக்குப் போனாலும் என்னைத் தனியே விடாமல் கடைசிப் படகில் திரும்பி விடுகிறவ. ஆகவே தீம் பார்க்குக்கு ஆறு பேர் ரிக்கற்றையே எடு, மலிவு என்று நீதானே சொன்னாய், ஒன்று சும்மா கிடக்கட்டும். பிளேன் ரிக்கற் அம்மாவுக்கு மட்டும் போடு, இருவருக்கும் போட்டாயிற்று என்று போனில் சொல். நானும் பெட்டி அடுக்கிக்கொண்டு கட்டுநாயக்கா வரை வருவேன். என் பெட்டிக்குள் எள்ளுப்பாகும் பனங்கட்டியும்தான் இருக்கும், அதையும் அவவின் பேரிலேயே ஏற்றிவிடுகிறேன். நிலக்ஷனை ஓரிடத்திலும் தனியே இருத்தாதே, என் இடத்தில் நீ இரு. பயந்தால் அவன் கையை நீ பிடித்துக்கொள்.

உங்கள் நால்வருக்கும் என் ஆசிகள். கிருசாந்திக்கு வேலையிலும் வீட்டிலும் ஓய்வு கிடைக்கட்டும், பிள்ளைகள் தமிழை விடாமல் படிக்கட்டும், உன் காரியங்கள் தடையில்லாமல் நடக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பிளேனுக்குப் போடும்போது அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று போடு. ஆங்கிலம் தெரியாத வயது போனவர்களுக்கு ஊரில் எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள், ஆள் வந்து பிளேன் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் விடுவான். அவவின் காலுக்கு ஒரு குறையும் இல்லை, எனக்கு அதுதான் பயம். உள்ளே போகிற வாசலில் வைத்துத்தான் நான் வரவில்லை என்று சொல்லப் போகிறேன். நடக்க விட்டால் திரும்பி வந்துவிடுவா.

இப்படிக்கு,
அன்பு அப்பா,
க. பரமலிங்கம்