துருப்பிடிக்காத கதவு

திரிங்காப் மலை எஸ்டேட்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் சசிரேகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை ஹரிதாஸும் அந்தக் குளிர் நாட்டில் கை கால் சுகத்தோடு இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதப் போனேன், கை ஓடவில்லை, விட்டுவிட்டேன். கையில் ஃபோன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதாசி எழுதுகிறாள் என்று கேட்பாய். ஃபோனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அவர் இல்லாத நேரம் பார்த்துப் பேசினாலும் நான் அழுதுவிடுவேன், அழுகிறவள் சொல்வதில் பாதிதான் உன் காதில் விழும். அதனால் எழுதி, என்னோடு கொழுந்து பறிக்கிற வாணியிடம் கொடுத்துப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், தபாலுக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து முழுசாகப் படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் சாகவில்லை, யாருக்கும் அடிபடவும் இல்லை.

அப்பாவின் ஐம்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பிளாஸ்டிக் லேண்ட்ரோவர் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இருநூறு சில்லறைத் துண்டுகளை மூன்று மாதமாக ஒட்டினார், வைப்பர்கூட கண்ணிமை முடி அளவுக்கு இருந்தது, ஒன்று கீழே விழுந்ததற்கு வீட்டை இரண்டு நாள் கூட்டவிடாமல் செய்தார். எஸ்டேட் ஆட்களை ஏற்றி அவர் முப்பத்தொரு வருஷம் ஓட்டிய வண்டி, நீ ஸ்டீயரிங் பிடித்துப் பழகிய அதே பச்சை வண்டி, உள்ளங்கை அளவில் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. புதுப் பெயின்ட் அடித்து முடித்துவிட்டு, இது கடையில நிக்கிற வண்டி, நம்ம வண்டி இல்ல லா என்று தலையாட்டினார். அப்புறம்தான் கூத்து. பச்சையை வெயில் குடித்த பச்சையாக வெளுக்க வைத்தார். கறுப்புத் தண்ணிப் பெயின்டை இடுக்கெல்லாம் ஓடவிட்டுத் துடைத்தார். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சைப் பிய்த்து ஒற்றி ஒற்றிப் பெயின்ட் உரிந்த மாதிரி செய்தார். ஏழாம் நம்பர் மலையின் மண்ணைச் சலித்து, டீத்தூள் கலந்து, பசைத் தண்ணியில் குழைத்துச் சக்கரத்துக்கு அடியில் சேறு அப்பினார். தினம் சாயங்காலம் பெரிய வண்டியில் சேற்றைக் கழுவிவிட்டு வந்து சின்ன வண்டியில் சேற்றைப் பூசுகிற மனுஷனை இந்த லயத்திலே இப்போதுதான் பார்க்கிறேன் என்று நானும் கேலி செய்தேன். துரு வைக்கும்போது மட்டும் பாடமே நடத்துவார். யூட்டியூபில் காட்டுகிறவர்கள் கதவெல்லாம் துருவாக்கி வைத்திருக்கிறார்களாம். அவனுங்களுக்கு வண்டி தெரியாது குமுதா, லேண்ட்ரோவர் பாடி அலுமினியம், நசுங்கும், கீறும், துரு மட்டும் பிடிக்காது, துரு எல்லாம் கீழ சேஸிஸ்லயும் கதவுக் கீல்லயும்தான் என்பார். நான் கீரை ஆய்ந்துகொண்டே ம் கொட்டினேன். கவனித்துக் கேட்டிருக்கலாம்.

இனி உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன், திட்டுவதைக் கடைசியில் திட்டு. ஏழு மாதமாக அப்பா இடது பக்கம் இடித்துக்கொண்டிருந்தார். முதல் தடவை மலைக்கு இறங்குகிற பாலத்துச் சுவரில் கதவைத் தேய்த்துக்கொண்டு போனார், தகரத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிற சத்தம், அவரோ ஏதோ கிளை உரசிச்சு என்று சொல்லிவிட்டு ஓட்டினார். பின்னால் இருந்த எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டாவது, ஓரமாக நிறுத்தியிருந்த டிராக்டர். மூன்றாவதுதான் மோசம். பனி மூடிய காலை, வளைவில் பின்சக்கரம் மண்ணை விட்டு இறங்கி, வண்டி ஓரத்தில் நட்டிருந்த கல்லில் இடித்து நின்றது. அந்தக் கல் இல்லை என்றால் அதற்குக் கீழே பள்ளம்தான், உனக்குத் தெரியும் எவ்வளவு ஆழம் என்று. மழைக்கு மண்ணு இளகிப் போச்சு என்றார் அப்பா. அன்று மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வாணிதான் யோசனை சொன்னாள். அன்றிலிருந்து இடது கடைசியில் நான் உட்காருவது, ஓரம் நெருங்கினால் கொழுந்துக் கத்திரியின் பிடியால் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவது. என்ன குமுதா மேளம் அடிக்கிறே என்று சிரிப்பார், ஆனால் வண்டி வலது பக்கம் கொஞ்சம் விலகும். வர்க்ஷாப் விமலன், அப்பா வண்டியைக் கழுவ எடுப்பதற்கு முன்பே ஆயில் பார்க்கணும்ணே என்று வாங்கிக்கொண்டு போய், தட்டி நிமிர்த்திப் பச்சை அடித்துக் கொடுத்துவிடுவான். ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணிக்கும் தெரியாது, மேனேஜருக்கும் தெரியாது.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாய். ஓய்வுக்கு இரண்டே வருஷம். டிரைவர் வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போய்விடுமோ என்று பயம். அதையும்விட, வண்டியை விட்டு இறங்கு என்று யாராவது அவரைச் சொல்லி அவர் தலை குனிந்து நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் சசி, வண்டியில் பதினோரு பேர். நம்ம ஆட்கள் ஐந்து பேர்தான், மற்ற ஆறும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள். அவர்களிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் ஒரு நேபாளிப் பெண்ணுக்கு ஊரில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, தினம் காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் படத்தைக் காட்டிச் சிரிப்பாள். நானும் சிரித்துக்கொண்டே கத்திரியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறது என்பார்களே, ஏழு மாதம் அதுதான் என் பிழைப்பு.

போன மாதம் ஒரு நாள், குமுதா வந்து பாரு, முடிஞ்சிடுச்சு என்று கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துக் கொப்பியில் பெரிய வண்டியின் கறை, கீறல் எல்லாவற்றையும் படம் போட்டுவந்து, ஒன்று விடாமல் சின்ன வண்டியில் வைத்திருந்தார். வலது பக்கத்தைத் திருப்பிக் கதை சொன்னார். இந்த நசுங்கல் நீ ரிவர்ஸ் பழகும்போது கொய்யா மரத்தில் விட்டது, இந்தக் கீறல் லெம்பா பெர்த்தாம் ஊருக்குள் சேற்று வெள்ளம் வந்த வருஷம் சாமான் ஏற்றிக்கொண்டு போனபோது பட்டது என்று அவருக்குத் தெரியாத கறை ஒன்றில்லை. பிறகு இடது பக்கத்தைத் திருப்பினார். வெளுத்த பச்சையின் மேல் மூன்று இடத்தில் புதுப் பச்சை. நாங்கள் மூடி மறைத்த மூன்றும் அவர் கையாலேயே மேசை மேல் வந்து நிற்கிறது, அது என்ன என்று அவருக்கே தெரியாது. இந்த மூணுக்கும் மட்டும் எனக்குக் கதை தெரியல, விமலன் எதுக்குப் பெயின்ட் அடிச்சான் என்று கேட்டார். துருப்பிடிச்சிருக்கும், அதான் அடிச்சிருப்பான் என்று சொல்லிவிட்டேன். சொன்னது போதாது என்று அடுப்படிக்குப் போய் விமலனுக்கும் ஃபோன் போட்டு, கேட்டால் துரு என்றே சொல்லு என்று சொல்லி வைத்தேன். அவனும் பதற்றத்தில் அப்படியே சொல்லியிருக்கிறான். நான் சொன்னால் பொம்பளைக்கு வண்டி தெரியாது என்று விட்டிருப்பார். ஒரு ஃபிட்டர் வாயால் அலுமினியத்தில் துரு என்று கேட்டதும் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், அன்று சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து நாங்கள் பதினோரு பேரும் ஏறி உட்கார்ந்தோம். அவர் இஞ்சினைப் போடவில்லை. அன்றைக்குப் பார்த்துப் பனியும் இல்லை, பளிச்சென்று வெயில், பழி போட ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாரையும் இறங்கச் சொன்னார். என்னைக் கூப்பிட்டு, வண்டிக்குப் பின்னால போய் நில்லு, இடது பக்கமா மெதுவா முன்னால நடந்து வா, நான் நேராத்தான் பார்ப்பேன், நீ கண்ணுல பட்டதும் சொல்றேன் என்றார். நடந்தேன். பின்சக்கரம் தாண்டினேன், கதவு தாண்டினேன், அவர் பேசவில்லை. முன் மட்கார்டு வரைக்கும் வந்து அதில் கை வைத்து நின்றேன். வந்துட்டியா என்றார். இங்கதாங்க நிக்கிறேன் என்றேன். எங்க என்று கேட்டார். சசி, அவர் அப்படிக் கேட்ட குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. தலையைத் திருப்பி, இரண்டு எட்டுத் தூரத்தில் நான் நிற்பதைப் பார்த்தார். எத்தன நாளாத் தெரியும் என்று கேட்டார். வாணிதான், ஏழு மாசம்ணே என்றாள். பதினோரு பேரு உசிரை என் கையில குடுத்துட்டு என்கிட்டயே மறைச்சீங்களா என்றார், அவ்வளவுதான். சாவியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தே போய் மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அன்று நாங்கள் மலைக்கு நடந்து போனோம்.

நான்கு நாள் என்னோடு பேச்சில்லை. ஐந்தாம் நாள் சின்ன வண்டியை என் முன்னால் வைத்து, மூணையும் சொல்லு, எந்த இடம், எந்த நாள், எவ்வளவு நீளம் என்றார். போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது. நான் சொல்லச் சொல்ல, ஊசி முனையால் புதுப் பச்சையைச் சுரண்டி, வெள்ளிப் பெயின்ட் தொட்டுக் கீறலை உள்ளபடி வைத்தார். பாலம், டிராக்டர் இரண்டும் முடிந்தது. மூன்றாவதுக்கு, கல்லுலேர்ந்து பள்ளம் எவ்வளவு தூரம் என்றார். கையை விரித்து ஒரு சாண் காட்டினேன். பிரஷைக் கழுவி வைத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவரை ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். வீட்டைப் பற்றி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன் என்று மேனேஜர் சொன்னார், பதில் வரவில்லை, அந்தப் பயம் தனியாக இருக்கிறது.

போன செவ்வாய் ஈப்போவில் கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் அழுத்தமாம். இடது கண்ணில் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம், வலது கண்ணிலும் ஓரத்தில் ஆரம்பித்துவிட்டதாம். வலி இருக்காது, கறுப்பாகவும் தெரியாது, காணாமல் போன இடத்தை மூளையே இட்டு நிரப்பிவிடும், அதனால் பார்வை போவது போகிறவருக்கே தெரியாது என்றார் அந்த டாக்டர் அம்மா. போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டு இருப்பதைக் காப்பாற்றலாம். பிறகு, இது குடும்பத்தில் வரக்கூடியது, கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் பார்க்கணும், உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். யார் கேட்டாலும் சொல்கிற அதே பெருமையோடு அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, டாக்டர், எங்களுக்கு ஒரே மக, நியூசிலாந்துல பஸ் ஓட்டு... என்று ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டார். நான் அவர் கையைப் பிடித்தேன். மலை ஏறி வருகிறவரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவர், கோலா தெர்லா ஊரைத் தாண்டியதும் ஒன்றே ஒன்று கேட்டார், அவ பஸ்ல எத்தன சீட்டு இருக்கும் என்று.

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் உனக்குச் சொல்லலாம் என்றேன். வேணாம், அவ பயந்துடுவா, தீபாவளிக்கு வரும்போது நேரம் பார்த்து நானே சொல்றேன் என்கிறார். புனிதன் சித்தப்பாவிடமும் அப்படித்தான், லாரி ஓட்டுகிறவன் மனசைக் கலைக்க வேண்டாமாம். உன் அப்பா இப்போது செய்வது நாங்கள் செய்த அதே வேலைதான், பாசத்தில் மறைக்கிற வேலை. சித்தப்பாவிடம் நேற்று நானே போய்ச் சொல்லிவிட்டேன், எனக்கென்ன கேடு என்று சிரித்தார், சித்தி முகம்தான் மாறியது. நீ சிரிக்காதே. எனக்கு நல்லாத் தெரியுதும்மா என்று பதில் போடாதே, உன் அப்பாவுக்கும் போன மாதம் வரைக்கும் நல்லாத்தான் தெரிந்தது. மாப்பிள்ளையிடம் இதைக் காட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணைக் காட்டு, டாக்டர் எழுதிக் கொடுக்கிற காகிதத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. அப்பா திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு குறையும் இல்லாமல் நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அந்த ஆத்தா உன் இரண்டு கண்ணையும் காக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நாளைக் காலையில் உன் பஸ்ஸில் ஏறப்போகிறவர்கள் யாரும் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள், உன்னை நம்பி ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கும் சேர்த்து அம்மா கேட்கிறேன், கண்ணைக் காட்டுகிறவரைக்கும் சாவியைக் கையில் வாங்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
குமுதா செல்வராஜு