சம்பந்தியோடு போன ரயில்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இன்று காலை சிங்கப்பூரில் மகள் என் கையில் பயண அட்டையைக் கொடுத்தாள். பையில் போட்டதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. அன்று உங்கள் அட்டையைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு, ரயில் நிலையத்துக் கதவருகே முடிச்சு அவிழாமல் நின்றீர்களே! பின்னால் வரிசை நீண்டது. "பொறுங்க சாமி, ரயிலு எங்க ஓடிப்போவுது?" என்று சீனர்களிடம் நம்மூர்த் தமிழிலேயே சொன்னீர்கள். அவர்களும் சிரித்தார்கள்.

இதை நானே எழுதுகிறேன் சம்பந்தி. எங்கள் ஊரான கணபதியில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டேன். நாலு வரி எழுதுவதற்குள் காபி ஆறிவிடுகிறது. ஆறட்டுமே, என் கையெழுத்தல்லவா!

நாம் அந்த ரயில் ஏறியது நம் பேத்தி பிறந்த மறுநாள். தம்பி மகள் கல்யாணத்துக்காக அன்று மாலையே நீங்கள் ஊருக்கு விமானம் ஏற வேண்டும். ஆஸ்பத்திரியில் நண்பகல் வரைதான் பார்க்க விடுவார்கள். தவறினால், குழந்தையைப் பார்க்காமலே சத்தியமங்கலம் திரும்ப வேண்டியதுதான். அழைத்துப்போக வருவதாகச் சொன்ன உங்கள் மகனிடம், "நீ அம்மணி பக்கத்துல இரு. நாங்களே வாரோம்" என்று போனில் சொல்லிவிட்டீர்கள்.

ரயிலில் சரியாகத்தான் ஏறினோம். இறங்குமிடமும் வந்தது. கதவு திறந்தது.

"நீங்க எறங்குங்க சம்பந்தி" என்றேன்.

"அதெப்படிங்க? பொண்ணக் குடுத்த ஊட்டுக்காரரு, நீங்க மொதல்ல."

"வயசுல மூத்தவருங்க நீங்க."

கதவு மூடிக்கொண்டது. விசிலடித்து நிறுத்தக் கண்டக்டர் ஏது? ஆஸ்பத்திரி நம் கண்ணெதிரே பின்னால் போனது.

"நம்ம மரியாதை நம்மள எங்க கொண்டுபோயி உடுமோ தெரியலீங்க" என்றேன்.

"கடைசி வரைக்கும் போனா மலேசியா வருமுங்களா?" என்று கேட்டீர்கள். சிரித்தீர்கள். ஆனால் கடிகாரத்தைப் பார்த்த உங்கள் கண்ணில் சிரிப்பு இல்லை.

அடுத்த நிலையத்தில் இறங்கினோம். எனக்குத் திசையே தெரியவில்லை. நீங்கள்தான், "போன வண்டி திரும்பாமயா போவும்? எதிர்த்தாப்பல நின்னாப் போச்சு" என்றீர்கள். நின்றோம். வந்தது. மறுபடி கதவு திறந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினீர்கள்.

பார்வை நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. குழந்தையை உங்கள் கையில் வைத்தார்கள். "மூக்கு எங்க ஊட்டு மூக்கு" என்றீர்கள். "நெத்தி எங்களுதுங்க" என்றேன். "அப்ப சரி, பாகம் பிரிச்சாச்சு" என்றீர்கள். நேரம் முடியும்வரை குழந்தையைக் கீழே விடவில்லை. ஊர் திரும்பிய மூன்றாம் மாதமே நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இப்போது இந்த ஊரில் என்னை எங்கே விட்டாலும் வீடு வந்து சேர்ந்துவிடுவேன். நிலையப் பெயர்களைத் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். இன்று பேத்தியை நூலகத்துக்கு ரயிலில் கூட்டிப்போனேன். ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டினேன். "அப்புச்சி, நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த ஸ்டேஷனே வந்துருது" என்கிறாள். வாய் உங்கள் வீட்டு வாய்தான்.

ஜன்னலோரம் உட்கார்ந்தவள் திடீரென்று உங்களைப் பற்றிக் கேட்டாள்: "போட்டோவுல இருக்கற அப்பாரு என்னப் பாத்திருக்காரா?"

"பாத்தாரு கண்ணு. கையில வாங்கிப் பாத்தாரு. நான் பக்கத்துல நின்னேன்."